இந்தியா மார்க் 2 அடிபம்பு: டெல்டா ஊருக்கு வாங்கித் தரலாமா?

சிங்கப்பூரிலோ குவைத்திலோ சம்பாதித்து, பிறந்த ஊருக்குத் தண்ணீர் வசதி செய்து தர வேண்டும் என்று நினைப்பவர்கள் காவிரி டெல்டாவில் நிறையப் பேர். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரைக்கு வெளிநாட்டு அமைப்புகள் வந்தன. 2018 கஜா புயலுக்குப் பிறகு வெளியூர்த் தமிழர்களின் பணம் வேதாரண்யத்துக்கும் பட்டுக்கோட்டைக்கும் வந்தது. எல்லோரும் முதலில் கேட்பது, “ஒரு பம்பு போட எவ்வளவு ஆகும்?” என்பதுதான். போட்ட பம்பு 10 ஆண்டு ஓட எவ்வளவு ஆகும், அதை யார் தருவார் என்று கேட்பவர் மிகக் குறைவு. அந்தக் கேள்வியோடு இந்தியா மார்க் 2 பம்பைப் பார்ப்போம். ஒன்றியத்துக்கு ஒன்றியம் தெருமுனையில் நிற்கும் அந்தக் கனத்த இரும்புப் பம்புதான். கொல்லையில் இருக்கும் சின்ன வார்ப்பிரும்பு அடிபம்பு வேறு வகை. அதையும் பின்னால் பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டு உதவிப் பணத்தில் உருவான பொருள்களில் இவ்வளவு நன்றாக உழைத்தது அரிது. ஆனால் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு மேட்டுப் பகுதிக்குப் பொருந்துகிற அளவுக்கு வேதாரண்யம் மணல்மேட்டுக்கு இது பொருந்தாது. எந்த ஊர் என்று பார்க்காமல் பம்பை மட்டும் வாங்கி இறக்குவது வீண் செலவு.

பம்பு வந்த வழி

1966-67 பீகார் வறட்சியின்போது பாறை நிலத்தைத் துளைக்கும் ரிக் இயந்திரங்களை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. போர் போடுவது சுலபமானது. அதன் மேல் வைத்த பம்புகளோ ஒரு வீட்டுக்கென்று செய்த வார்ப்பிரும்புப் பம்புகள். காலையிலிருந்து இரவு வரை ஊரே அடித்தால் அவை தாங்குமா? 1970களின் நடுவில் எடுத்த கணக்கில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பம்புகள் ஓடவில்லை. போரில் போட்ட பணமெல்லாம் பம்பு உடைந்ததால் பயனற்றுப்போனது.

மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளின் கிறித்தவ சேவை அமைப்புகளில் இருந்தவர்கள் அதற்கு முன்பே ஓர் எளிய வழி கண்டிருந்தார்கள். பல மூட்டுகளுக்குப் பதில் கைப்பிடிக்கு ஒரே அச்சு. கைப்பிடியின் வளைந்த தலையிலிருந்து ஒரு செயின். செயினில் தொங்கும் ராடு. இதையே எடுத்து, யுனிசெஃப், மத்திய அரசு, சென்னையில் இருந்த மெராடோ ஆய்வு நிறுவனம், ரிச்சர்ட்ஸன் அண்ட் கிரடாஸ் தொழிற்சாலை எல்லாம் சேர்ந்து திருத்தி, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழமான போர்களில் மாதிரிகளை ஓடவிட்டுப் பார்த்து மார்க் 2-வை முடித்தார்கள். 1979-இல் ஐ.எஸ். 9301 என்ற இந்தியத் தரநிலை வந்தது. இப்போது அந்த இடத்தில் ஐ.எஸ். 15500 இருக்கிறது.

உதவிப் பணம் இங்கே செய்த நல்ல காரியங்களில் முதலாவது, வரைபடத்தை யாருக்கும் சொந்தமாக்காமல் பொதுவில் விட்டது. எந்தத் தொழிற்சாலையும் செய்யலாம், போட்டியில் விலை இறங்கும், ஒருவர் செய்த வாஷர் இன்னொருவர் செய்த சிலிண்டரில் உட்காரும். அடுத்தது, பம்பு தொழிற்சாலையைவிட்டு வெளியேறும் முன் மூன்றாம் தரப்பு ஆய்வாளர் அளந்து பார்த்து முத்திரை வைக்கும் ஏற்பாடு. எங்கெல்லாம் இந்த ஆய்வைச் செலவு மிச்சம் என்று விட்டார்களோ அங்கெல்லாம் கனம் குறைந்த பைப்பும், சரியாக முலாம் பூசாத ராடும் நுழைந்தன. பெயர் மார்க் 2 என்றே இருக்கும், இரண்டு மழைக்காலத்தில் துரு தின்றுவிடும்.

ஆப்பிரிக்க நாடுகளில் 1970, 80களில் நடந்ததை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். உதவி தந்த ஒவ்வொரு நாடும் தன் நாட்டுத் தொழிற்சாலையின் பம்பையே தந்தது. ஒரே மாவட்டத்தில் பல வகைப் பம்புகள், ஒன்றின் உதிரிபாகம் மற்றொன்றுக்குச் சேராது, கடைக்காரர் எதை வாங்கி வைப்பார்? உதவி தந்த நாட்டு ஆலைக்கு ஆர்டர் கிடைத்தது. ஊருக்குக் கிடைத்தது ஒரு முறை பழுதாகும்வரை தண்ணீர். 2009-இல் கிராமப்புற நீர்வழங்கல் வலையமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டில், சகாராவுக்குத் தெற்கே 20 நாடுகளில் சராசரியாக 36 சதவீதக் கைப்பம்புகள் ஓடாமல் கிடந்தன.

உள்ளே என்ன இருக்கிறது

மேலே தலைப்பகுதி, அதற்குக் கீழே தண்ணீர்ப் பெட்டி, கீழே மூன்று காலோடு கான்கிரீட்டில் புதைந்த பீடம். தலைக்குள் இரண்டு பால் பேரிங், அச்சு, ரோலர் செயின். போருக்குள் 32 மி.மீ. ஜி.ஐ. பைப்பு (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பு), 3 மீட்டர் நீளத் துண்டுகளாக. அதற்குள் 12 மி.மீ. ராடு, அதுவும் 3 மீட்டர் துண்டுகள். அடியில் உள்விட்டம் 63.5 மி.மீ. கொண்ட சிலிண்டர், உள்ளே பித்தளை லைனர். பிஸ்டனில் இரண்டு வாஷர். கீழே, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு.

பிஸ்டன் ஒரு முறை ஏறி இறங்குவது 125 மி.மீ. சிலிண்டர் அளவோடு பெருக்கினால், கைப்பிடியை ஒரு முறை அடித்தால் ஏறத்தாழ 0.4 லிட்டர். 40 முறை அடித்தால் கணக்குப்படி 15.8 லிட்டர். புதுப் பம்பு 15 லிட்டர் தர வேண்டும். நடைமுறையில் நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். பம்பைக் கையேற்கும் நாளில் ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும்: ஒரு நிமிடத்தில் 40 முறை அடித்து, வாளியில் வந்ததை அளந்து பாருங்கள். 15-க்குக் கீழே வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசின் பழைய கணக்கு 250 பேருக்கு ஒரு பம்பு, தலைக்கு நாளுக்கு 40 லிட்டர். பெருக்கிப் பாருங்கள். நாளுக்கு 10,000 லிட்டர், நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் அடித்தால் 14 மணி நேரம் ஒரு நொடி நிற்காமல் அடிக்க வேண்டும். காலை 6 முதல் இரவு 8 வரை, குடம் மாற்றக்கூட நேரமில்லாமல். தண்ணீர் எடுப்பவர் பெரும்பாலும் பெண்கள், எடுப்பது காலை இரண்டு மணி நேரத்திலும் மாலை இரண்டு மணி நேரத்திலும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஒரு பம்புக்கு 25, 30 குடும்பம் நியாயமான அளவு. அதற்கு மேல் என்றால் இரண்டாவது பம்புக்குப் பணம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

டெல்டாவில் செயின் செய்யும் தொல்லை

வாங்கித் தருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது. கைப்பிடியை அழுத்தும்போது செயின் ராடை மேலே இழுக்கிறது. கைப்பிடியை விடும்போது ராடு கீழே இறங்க வேண்டும். செயினால் இழுக்க முடியும், தள்ள முடியாது. ராடின் சொந்த எடைதான் பிஸ்டனைக் கீழே இறக்குகிறது. 12 மி.மீ. ராடு மீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிலோ. சிலிண்டர் 24 மீட்டரில் இருந்தால் 21 கிலோ தொங்கும், பிஸ்டன் சரசரவென இறங்கும். 9 மீட்டரில் இருந்தால் 8 கிலோதான். புது வாஷரின் இறுக்கத்தையே அந்த எடையால் தாண்ட முடியாது. செயின் தொய்ந்து மடங்கும், கைப்பிடி குதிக்கும், அடிக்கிறவர் கையில் அதிரும், பேரிங் சீக்கிரம் தேயும். “பம்பு மோசம்” என்று ஊர் சொல்லும். கோளாறு பம்பில் இல்லை. பாறை நிலத்து ஆழத்துக்குச் செய்த பொருளை மேலேயே தண்ணீர் இருக்கும் இடத்தில் வைத்ததுதான்.

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வண்டலில் ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மிக மேலே வந்துவிடும். அங்கே மார்க் 2 வைப்பதென்றால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் சிலிண்டரை 24 மீட்டருக்கு இறக்குங்கள். சில பைப்பு கூடுதலாக ஆகும். கோடையில் நீர்மட்டம் இறங்கினாலும் பம்பு காற்று இழுக்காது என்பது கூடுதல் நன்மை. போரும் அந்த ஆழத்துக்கு இருக்க வேண்டும் என்பதால் போர் போடும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும்.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் இந்த வழி கிடையாது. அங்கே மணல்மேட்டின் அடியில் மழைநீர் மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஆழம் போனால் உப்பு. ஆழம் போகாவிட்டால் மார்க் 2 சரியாக ஓடாது. இத்தகைய இடத்தில் உறை கிணறும் அதன் மேல் சின்ன அடிபம்பும்தான் சரி. சின்னப் பம்பு காற்றழுத்தத்தால் உறிஞ்சுவது, நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் இழுக்காது, அந்த அளவுக்குள் தண்ணீர் இருந்தால் போதும். அதன் ஒரே பெரிய குறை, வாஷர் காய்ந்தால் தண்ணீர் ஊற்றி அடிக்க வேண்டும். ஊற்றும் தண்ணீர் குட்டைத் தண்ணீராக இருந்தால் அழுக்கு நேரே குழாய்க்குள் போகும். மூடி போட்ட குடத்தில் அதற்கென்று நல்ல தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பம்பின் வாஷரை வீட்டில் உள்ளவர்களே பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். 15 மீட்டருக்குள் நேரடியாக மேலும் கீழும் அடிக்கும் தாரா பம்பும் தொழில்நுட்ப ரீதியாக நல்ல தேர்வு. ஆனால் அதன் உதிரிபாகம் உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்துக் கடையில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டே வாங்குங்கள். பொருத்தமான பம்பாக இருந்தும் வாஷர் கிடைக்காவிட்டால் அடுத்த ஆடிக்குள் அது பழைய இரும்பு.

ஒரு வாஷருக்காக 150 கிலோ

மார்க் 2-வின் அடிப்படைக் குறை இதுதான். தேய்வது பிஸ்டனில் இருக்கும் கைக்குள் அடங்கும் வாஷர். அதை மாற்ற முழுப் பைப்பு வரிசையையும் வெளியே எடுக்க வேண்டும், ஏனென்றால் 63.5 மி.மீ. பிஸ்டன் 32 மி.மீ. பைப்பு வழியே மேலே வராது. சிலிண்டர் 30 மீட்டரில் என்றால் பைப்பு 93 கிலோ, ராடு 27 கிலோ, ஃபுட் வால்வு பிடித்திருந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் 30 கிலோ. மொத்தம் 150. கிளாம்ப், தூக்கும் ஸ்பேனர்கள், ராடைப் பிடிக்கும் வைஸ், பழக்கப்பட்ட நாலு பேர் இல்லாமல் தொடக்கூடாது. கைநழுவினால் பைப்பு வரிசை போருக்குள் போய்விடும், பிறகு அந்தப் போரே போச்சு.

இதற்காகத்தான் தமிழ்நாட்டில் மூன்று அடுக்குப் பராமரிப்பு வந்தது. ஊரில் ஒரு காப்பாளர், ஒன்றியத்தில் ஏறத்தாழ 100 பம்புக்கு ஒரு ஃபிட்டர், குடிநீர் வடிகால் வாரியத்தின் கீழ் 500 பம்புக்கு ஒரு வண்டியும் குழுவும் என்பது கணக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கீழேயுள்ள இரண்டு அடுக்கும் கிரீஸ் போடலாம், போல்ட் முறுக்கலாம், தலைக்குள் உள்ள பேரிங்கையும் செயினையும் பார்க்கலாம். பைப்பைத் தூக்க வண்டிதான் வர வேண்டும். வண்டிக்கு டீசல் ஒதுக்கீடு இல்லாத மாதம் வாஷர் மாற்றாமல் கிடக்கும்.

இதற்கான பதில் மார்க் 3. கோயம்புத்தூர் மாவட்டத்தில் 1980களில் உலக வங்கி, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஓடவிட்டுப் பார்த்தது. பைப்பு 65 மி.மீ., அதன் வழியே பிஸ்டன் மேலே வந்துவிடும். ராடை இறக்கித் திருகினால் பிஸ்டனின் அடி ஃபுட் வால்வின் மரையைப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் ஒன்றாக வெளியே வரும். பைப்பு தன் இடத்திலேயே நிற்கும். இரண்டு பேர், ஒரு பை நிறையக் கருவி, அரைநாள் வேலை. தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்ததும் அப்போதுதான். தோலைவிட நீண்ட நாள் உழைக்கிறது, காய்ந்து சுருங்குவதில்லை, ஊறிப் பருத்து இறுகுவதில்லை. தோல் வாஷரை இன்னும் விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

மார்க் 3-இன் தடை விலை. 65 மி.மீ. பைப்பு மீட்டருக்கு 6.4 கிலோ, 32 மி.மீ. பைப்பைப் போல் இரண்டு மடங்கு. 45 மீட்டர் ஆழப் பாறை போரில் அந்த வித்தியாசம் பெரிய தொகை. டெல்டாவில் 24 மீட்டரோடு முடிவதால் வித்தியாசம் தாங்கக்கூடியது, அதை மிச்சம் பிடித்தால் பிறகு ஒவ்வொரு வாஷருக்கும் வண்டிக்குக் காத்திருக்கும் நாளாகத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். போரின் சுவரைத் தாங்கும் கேசிங் குழாய் குறைந்தது 100 மி.மீ., முடிந்தால் 125 போடச் சொல்லுங்கள். எங்கள் கருத்தில், கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற பழைய டெல்டாவில் புதிதாகப் போடும் பொதுப் பம்பு மார்க் 3-ஆகத்தான் இருக்க வேண்டும். ஒன்றியத்தில் ஏற்கெனவே இருக்கும் மற்ற பம்புகள் எல்லாம் மார்க் 2 என்றாலும் தலைப்பகுதி பழகினதுதான், ஃபிட்டருக்குப் புதுசாகத் தோன்றாது.

மணல், உப்பு, துரு

வண்டலில் போர் என்றால் மணல் வரும். மணல் வந்தால் வாஷர் சில மாதத்தில் போய்விடும், பித்தளை லைனரிலும் கோடு விழும். காரணம் பெரும்பாலும் ஃபில்டர் பைப்பைச் சுற்றிச் சரளை சரியாகப் போடாதது, அல்லது போர் முடிந்ததும் கம்ப்ரஸர் வைத்துத் தண்ணீர் தெளியும்வரை கழுவாமல் விட்டது. ஒப்பந்தக்காரர் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். கண்ணாடி டம்ளரில் பிடித்து அரைமணி வைத்துப் பாருங்கள், அடியில் மணல் படிந்தால் கழுவல் முடியவில்லை.

உப்பும் அமிலத்தன்மையும் ஜி.ஐ. பைப்பைத் தின்னும். பி.எச். 6.5-க்குக் கீழே உள்ள தண்ணீரில் துத்தநாகப் பூச்சு கரைந்து, பிறகு இரும்பு கரையும். உகாண்டாவில் மார்க் 2 பம்புகளுக்கு இதுதான் நேர்ந்தது. தண்ணீர் சிவந்து, துணி கறைபட்டு, சோறு கறுத்து, மக்கள் மறுபடி ஊருணிக்கே போனார்கள். நிலத்தடி நீரிலேயே இரும்பு அதிகம் என்று முதலில் பழி போட்டார்கள், பிறகு பைப்பிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. பின்னர் அந்த நாட்டு அரசே ஜி.ஐ. பைப்பை நிறுத்தச் சொன்னது. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. காலையில் முதல் குடத்தையும், 200 அடி அடித்த பிறகு ஒரு குடத்தையும் பிடியுங்கள். முதலாவது மட்டும் சிவப்பு என்றால் பைப்பு. இரண்டும் சிவப்பு என்றால் நிலம். கடலோர ஒன்றியங்களில் ராடும் பைப்பும் துருப்பிடிக்காத எஃகில் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்குங்கள். புதைந்த பிறகு எந்த நன்கொடையாளரும் பைப்பு மாற்றப் பணம் தருவதில்லை.

தண்ணீர் சோதனையை ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை செய்துவிட்டு “நல்ல தண்ணீர்” என்று எழுதிவிடுகிறார்கள். கடற்கரையோரப் போரில் அதே தண்ணீர் மே மாதம் உப்புக் கரிக்கும். இரண்டு பருவத்திலும் மாதிரி எடுத்துக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை தரநிலை அனுமதிக்கிறது. எதைச் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க உதவிப் பணத்தில் ஏராளமான குழாய்க் கிணறுகள் போட்டார்கள், நோக்கம் நிறைவேறவும் செய்தது. ஆனால் ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. 1993-இல் அங்கே அது தெரியவந்தபோது கோடிக்கணக்கானோர் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடல்நீர் புகுந்த பின் செய்யும் வேலையிலும் அவசரம் கெடுக்கும். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் பல அமைப்புகள் ஒரே கிணற்றை மாறி மாறி இறைத்துக் காலி செய்தன. அதிகம் இறைக்க இறைக்க அடியிலிருந்து உப்புநீர்தான் மேலே ஏறியது. சேற்றையும் குப்பையையும் எடுக்க ஒரு முறை இறைப்பது சரி, அதற்கு மேல் மழை பெய்து கழுவ விட வேண்டும். அதுவரை லாரித் தண்ணீருக்குப் பணம் செலவிடுவதே உதவி.

வெள்ளமும் மேடையும்

கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஊர்களில் பம்பின் மேடை தெரு மட்டத்தில் இருந்தால், சாக்கடை நீர் பீடத்தின் விரிசல் வழியே போருக்குள் இறங்கும். பழைய வெள்ளக் குறியைக் கேட்டு, அதற்கு மேல் மேடையை எழுப்புங்கள். கான்கிரீட்டை 7 நாள் நனைக்க வேண்டும். அதற்குள் பம்பை அடித்தால் பீடம் ஆடத் தொடங்கும், ஆடிய பீடம் ஒருபோதும் நிற்காது. கழிவறைக் குழியிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். வழிந்த தண்ணீரை ஒரு வாழைக்கன்றுக்கோ வாய்க்காலுக்கோ விடுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் போரைக் குளோரின் போட்டுக் கழுவ வேண்டும். 100 மி.மீ. போரில் 30 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 236 லிட்டர். லிட்டருக்கு 100 மி.கி. குளோரின் வேண்டும் என்றால் 24 கிராம், பிளீச்சிங் பவுடரில் கால் பங்கு குளோரின் என்று கொண்டால் 100 கிராம் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்த பின் தெளிவை மட்டும் ஊற்றி, சில அடி அடித்துக் கலக்கி, இரவு முழுக்க விட்டு, காலையில் வாடை போகும்வரை அடித்துக் கொட்டுங்கள். ஆறு மாதம் திறந்து கிடந்த பவுடரில் குளோரின் இருக்காது, புதுப் பொட்டலமாக வாங்குங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்தபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டிகளும் சின்டெக்ஸ் தொட்டிகளும் ஜெனரேட்டர் வரும்வரை வறண்டு நின்றன. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது, அடிபம்பு எதற்கு என்று கேட்கும் ஊராட்சிகள் இதை மறக்கக்கூடாது. மின்மோட்டாரை அதே போரில் இறக்குவதற்காக நல்ல அடிபம்பைக் கழற்றி எறியும் பழக்கம் டெல்டாவில் பரவியிருக்கிறது. ஊருக்கு ஒன்றாவது அடிபம்பாகவே இருக்க வேண்டும்.

கோளாறும் காரணமும்

கைப்பிடி காற்றைப் போல் லேசாக இருந்து தண்ணீரே வரவில்லை என்றால் ராடு மரை கழன்றோ அறுந்தோ போயிருக்கிறது. கனம் இருக்கிறது, பல அடிக்குப் பிறகே தண்ணீர் வருகிறது, விட்டால் மறுபடி அதே கதை என்றால் ஃபுட் வால்வு ஒழுகுகிறது அல்லது பைப்பில் ஓட்டை. அரைமணி நிறுத்தி வைத்து, எத்தனை அடியில் தண்ணீர் வருகிறது என்று எண்ணிக் குறித்து வைத்தால் மாதாமாதம் மோசமாகிறதா என்று தெரியும். தண்ணீர் உடனே வருகிறது, அளவு குறைவு என்றால் வாஷர். கைப்பிடி பக்கவாட்டில் ஆடினால் அச்சின் நட் தளர்ந்திருக்கும். அதைக் கண்ட அன்றே முறுக்காவிட்டால் பேரிங் போய், பிறகு தலையின் துளையே பெரிதாகிவிடும். வாரம் ஒரு முறை போல்ட், மாதம் ஒரு முறை முன்மூடியைத் திறந்து செயினுக்கு கிரீஸ். 17-19 ஸ்பேனர் ஒன்று போதும். இந்த வேலைக்குத் தண்ணீர் பிடிக்கும் பெண்களில் ஒருவரைப் பயிற்றுவித்தால் நிலைக்கிறது. பம்பு நின்றால் தண்ணீருக்காக முதலில் நடப்பது அவர்தான்.

பகட்டான மாற்றுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராட்டினம் சுற்றிக் குழந்தைகள் விளையாட, தண்ணீர் தொட்டிக்கு ஏறும் என்ற பிளேபம்புக்கு 2006-இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள், 2010-க்குள் 4,000 பம்பு என்றார்கள். ஒன்றின் விலை ஏறத்தாழ 14,000 டாலர், சாதாரணக் கைப்பம்பைப் போல் நாலு மடங்கு. மொசாம்பிக்கிலும் ஜாம்பியாவிலும் குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு அந்த இரும்புச் சக்கரத்தைக் குனிந்து சுற்றியவர்கள் அவர்களின் தாய்மார்கள், பாட்டிமார்கள். பழுது பார்க்க ஊரில் ஆளில்லை. 2010-க்குள் திட்டம் முடங்கியது. பல இடங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டுத்தான் இதை வைத்தார்கள் என்பது வேதனை. தண்ணீர் தூக்கப்போகும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். டெல்டாவுக்கு வரும் நன்கொடைகளிலும் படமெடுக்க அழகான பொருளுக்குத்தான் முதலிடம் கிடைக்கிறது. மெம்பிரேன் மாற்றப் பணமில்லாமல் பூட்டிக் கிடக்கும் ஆர்.ஓ. அறைகள் அப்படி வந்தவையே.

வாங்குவதென்றால்

தொகையை இரண்டாகப் பிரியுங்கள். பாதி போர், பம்பு, மேடைக்கு. மறுபாதியை ஊராட்சியோ மகளிர் குழுவோ இரண்டு கையெழுத்தில் எடுக்கும் வங்கிக் கணக்கில் பராமரிப்புக்கென்று போடுங்கள். ஒரு பம்பு போட்டு அதை ஓடவைக்கப் பணம் விடுவது, அதே தொகையில் இரண்டு பம்பு போடுவதைவிட மேல் என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. ஒன்றியத்தில் எந்த வகைப் பம்பு அதிகம், எந்தக் கடையில் வாஷர் கிடைக்கிறது, யார் ஃபிட்டர், ஒரு வேலைக்கு என்ன கூலி என்று விசாரித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஆய்வுச் சான்றையும் கேளுங்கள். ஃபிட்டருக்குக் கூலியைப் பழுதுக்கு என்று தராமல், பம்பு ஓடும் மாதத்துக்கு என்று தந்தால் பழுது வரும் முன்பே வந்து பார்ப்பார். கென்யாவின் சில மாவட்டங்களில் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது.

பம்போடு சேர்த்து இரண்டு செட் நைட்ரைல் வாஷர், ஒரு செயின், இரண்டு பேரிங், ஒரு ஃபுட் வால்வு ரப்பர், கிரீஸ் டப்பா, ஸ்பேனர் ஆகியவற்றை ஊராட்சி அலுவலகப் பீரோவில் வைத்துப் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். பீடத்தில் உங்கள் பெயரை எழுதுவதாக இருந்தால் அதற்குக் கீழே போரின் ஆழம், சிலிண்டர் இருக்கும் ஆழம், பைப்பு எண்ணிக்கை, போட்ட மாதம், ஃபிட்டரைக் கூப்பிட வேண்டிய எண் ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஐந்து விவரமும் இல்லாத பம்பைப் பழுது பார்க்க வருகிறவர் எத்தனை பைப்பு தூக்க வேண்டும் என்றே தெரியாமல் பாதி நாளை வீணாக்குவார்.